கூறைச்சேலையின் நிறம் எங்கே போயிற்று?

கமராவின் கண்ணுக்கும் மனிதரின் கண்ணுக்கும் இடையே நடக்கும் வழக்கு

என் தந்தையாரின் தமக்கையாகிய மாமி, தமது விவாகத்தன்று உடுத்த கூறைச்சேலையை இன்றும் பெட்டகத்திலே வைத்துப் பாதுகாத்து வருகிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பட்டு அது. மடிப்புகளின் வழியே இழைகள் விட்டுப்போகத் தொடங்கிவிட்டன. ஒருநாள் இரவு என்னை அழைத்து, "இது கிழிஞ்சு போக முன்னம் ஒரு படம் எடுத்துத் தா, தம்பி. கனடாவிலை இருக்கிற பேத்தி தன்ரை கலியாணத்துக்கு இதே நிறத்திலை ஒரு கூறை நெய்விக்கப் போறாளாம்" என்றார்.

நான் உடனே கமராவை எடுத்தேன். சேலையை மேசைமீது விரித்து, மேலே எரிந்த எல்.ஈ.டி. மின்குமிழின் ஒளியிலே நாலைந்து படங்கள் பிடித்தேன். அவற்றுட் சிறந்ததைக் கணினியிலே சீர்செய்து, நல்ல தாளில் அச்சிட்டு மறுவாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி படத்தையும் சேலையையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துச் சிறிது நேரம் பார்த்தார். பின்னர், "படம் வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் இது என்ரை கூறை இல்லை, தம்பி" என்றார்.

முதுமை எய்திய கண்ணின் பிழை என்றே முதலில் எண்ணினேன். இரண்டையும் முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தபோதுதான் பிழை யாருடையது என்பது விளங்கிற்று. சேலை ஆழ்ந்த அரக்குச் சிவப்பு. படமோ செங்கல் நிறம். அந்தப் படத்தை நம்பிப் பேத்தி சேலை நெய்வித்திருந்தால், பாட்டியின் கூறை என்ற பெயரிலே யாரோ ஒருவருடைய சேலையையன்றோ உடுத்து மணவறையில் அமர்ந்திருப்பாள்!

விலையுயர்ந்த கமரா ஏன் பொய் சொல்லிற்று? இக்கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றை, வீட்டிலே கமரா வைத்திருக்கும் குடும்பத்தினருக்கும் விஞ்ஞானம் பயிலும் மாணவருக்கும் பயன்படும் என்று கருதி இங்கே தருகிறேன்.

கமரா காண்பது எதனை?

டிஜிற்றல் கமராவின் உள்ளே பிலிம் இருந்த இடத்தில் இப்பொழுது ஒளியுணரி என்னும் சில்லு இருக்கிறது. அதிலே இலட்சக்கணக்கான நுண்ணிய ஒளிக் கிணறுகள் உள்ளன. ஒவ்வொரு கிணறும் தன்னுள் வீழ்ந்த ஒளியின் அளவை மாத்திரமே அறியும். நிறம் இன்னதென்பதை அறியாது. ஆகவே, கிணறுகளின் மேலே சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறத்து வடிகட்டிகளைச் சதுரங்கப் பலகைபோல மாறிமாறிப் பதித்திருக்கிறார்கள். கொடாக் நிறுவனத்தில் கடமையாற்றிய பிறைஸ் பேயர் என்னும் விஞ்ஞானி வகுத்த அமைப்பு இது. 1976ஆம் ஆண்டிலே இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. மனிதக் கண் பச்சையின் பகுதியிலேயே ஒளி வேறுபாட்டை நுட்பமாக அறிவதால், வடிகட்டிகளிற் சரிபாதி பச்சை, காற்பங்கு சிவப்பு, காற்பங்கு நீலம்.

இக்கிணறுகள் தந்த எண்களை அப்படியே சேமித்து வைப்பதுதான் 'றோ' எனப்படும் மூலக் கோப்பு. சாதாரண ஜேபெக் படத்திலே ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. மூலக் கோப்பிலே, கமராவின் தரத்துக்கேற்ப, 4,096 அல்லது 16,384 படிகள் இருக்கும். ஆயினும் அது இன்னும் படமாகவில்லை. இருட்டறையிலே கழுவப்படாத பிலிம் சுருளுக்கே அதனை ஒப்பிடலாம். கணினியிலே அதனைப் படமாக்கும் வேலையையும் நாம் பழைய வழக்கப்படி 'கழுவுதல்' என்றே சொல்லலாம்.

இங்கேதான் வழக்குத் தொடங்குகிறது. கமரா 'சிவப்பு' என்று தரும் எண், அக்கமராவின் வடிகட்டி கண்ட சிவப்பு. வேறொரு நிறுவனத்தின் கமரா அதே சேலையைக் கண்டு வேறோர் எண்ணைத் தரும். மாமியின் கண்ணோ இவ்விரண்டுக்கும் வேறானது.

ஒரு நாடாவின் கதை

கண்ணும் கருவியும் ஒன்றல்ல என்பதற்குச் சரித்திரத்திலே சுவையான சான்று ஒன்று உண்டு. 1861ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி, இலண்டன் றோயல் இன்ஸ்ரிற்றியூஷனிலே ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் ஒரு விரிவுரை நிகழ்த்தினார். பல நிறக் கட்டங்கள் கொண்ட ஸ்கொத்லாந்து நாடா ஒன்றைத் தோமஸ் சற்றன் என்னும் படப்பிடிப்பாளர் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளினூடாக வெவ்வேறாகப் படம் பிடித்திருந்தார். அப்படங்களை அதே நிற ஒளிகளினால் திரையிலே ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தியபோது நாடாவின் நிறங்கள் தோன்றின. வர்ணப் படக்கலையின் பிறப்பு அது எனலாம்.

ஆனால், அக்காலத்துப் படத்தகடுகள் சிவப்பு ஒளியைச் சற்றும் உணராதவை! அப்படியாயின் சிவப்பு எவ்வாறு பதிந்தது? நூறு ஆண்டுகள் கழித்து, 1961ஆம் ஆண்டிலே, கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த றல்வ் எவன்ஸ் என்பவர் இப்புதிரை விடுவித்தார். நாடாவின் சிவப்புச் சாயம், நமது கண்ணுக்குத் தெரியாத ஊதா கடந்த கதிர்களையும் திருப்பி அனுப்பியது. சற்றன் உபயோகித்த சிவப்பு வடிகட்டியோ அக்கதிர்களைத் தடுக்கவில்லை. தகடு பதிவு செய்தது சிவப்பை அன்று. நாம் காணாத வேறோர் ஒளியை. அது சிவப்பு இருந்த இடத்திலேயே இருந்தமையால் மக்ஸ்வெல் தப்பினார். நானோ தப்பவில்லை.

இருவருக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளன்

கருவி தரும் எண்ணை மனிதக் கண்ணின் நிறமாக மாற்றுவதற்கு முதலில் மனிதக் கண்ணை அளந்தாக வேண்டும். 1920களிலே இங்கிலாந்தில் றைற், கில்ட் என்னும் இரு விஞ்ஞானிகள், தனித்தனியே, மொத்தம் பதினேழு பேரைக்கொண்டு நிறப் பொருத்தச் சோதனைகள் நடத்தினர். அவற்றை ஆதாரமாகக் கொண்டு 1931ஆம் ஆண்டிலே சர்வதேச ஒளியியல் ஆணைக்குழு 'நியமப் பார்வையாளர்' என்னும் அளவுகோலை வகுத்தது. அப்பதினேழு பேரின் சராசரிக் கண்ணே இன்றும் நிறம் அளப்பதற்கு அடிப்படையாக விளங்குகிறது.

கமராவின் எண்களை இவ்வளவுகோலின் எண்களாக மொழிபெயர்க்கும் அகராதியைத்தான் 'கமரா வர்ணப் புறொபைல்' என்று அழைக்கிறார்கள். தமிழிலே வர்ணக் குறிப்பு எனலாம். அடோபி நிறுவனம் 2008ஆம் ஆண்டு அறிமுகஞ் செய்த வகையை உதாரணமாகக் கொண்டு அதன் உள்ளமைப்பைப் பார்ப்போம்.

முதலாவது, ஒன்பது எண்கள் கொண்ட அட்டவணை. கமரா தந்த மூன்று எண்களையும் மூன்று வெவ்வேறு அளவுகளாற் பெருக்கிக் கூட்டினால் மனிதக் கண்ணுக்குரிய முதல் அளவு கிடைக்கும். வேறு மூன்றினாற் பெருக்கினால் இரண்டாவது. இன்னும் மூன்றினாற் பெருக்கினால் மூன்றாவது. பாடசாலையிலே 'தாயம்' என்ற பெயரில் மாணவர் கற்கும் கணிதமே இது. பெரும்பாலும் இத்தகைய அட்டவணைகள் இரண்டு இருக்கும். ஒன்று 2856 கெல்வின் கொண்ட பழைய இழை மின்குமிழ் ஒளிக்கு. மற்றையது 6500 கெல்வின் அளவான பகலொளிக்கு. நமது படத்தின் ஒளி இவ்விரண்டுக்கும் நடுவில் இருந்தால், மென்பொருள் இரண்டையும் உரிய வீதத்திற் கலந்துகொள்ளும்.

இரண்டாவது, திருத்தப் பட்டியல். ஒன்பது எண்களினால் எல்லா நிறங்களையும் ஒருங்கே சரிசெய்ய இயலாது. காரணம் யாது? கமராவின் மூன்று வடிகட்டிகளும் மனிதக் கண்ணின் மூன்று உணர்ச்சிகளை ஒரு குறித்த வகையிற் கலந்தால் வருவனவாக இருந்தால் மாத்திரமே மொழிபெயர்ப்பு முற்றும் பிழையற்றதாகும். ஜேர்மன் விஞ்ஞானி றொபேட் லூதர் 1927ஆம் ஆண்டிலே இந்நிபந்தனையை எடுத்துக்காட்டினார். நாம் வாங்கும் கமராக்கள் இதனை முழுமையாக நிறைவேற்றுவதில்லை. ஆகவே, இன்ன சிவப்பைச் சிறிது ஊதாப் பக்கம் திருப்புக, இன்ன பச்சையின் செறிவைச் சற்றுக் குறைக்க என்று தனித்தனியே கட்டளையிடும் பட்டியல் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, அழகூட்டும் பகுதி. ஒளியும் நிழலும் எவ்வாறு ஏறி இறங்க வேண்டும், எந்நிறம் எடுப்பாகத் தோன்ற வேண்டும் என்பவற்றை இது தீர்மானிக்கும். மெய்யும் ஒப்பனையும் ஒரே கோப்பினுள் வசிப்பது இதனாலேதான்.

மெய் நிறமும் மகிழ்விக்கும் நிறமும்

ஒரே மூலக் கோப்பை மென்பொருளிலே திறந்து, வர்ணக் குறிப்பை மாத்திரம் மாற்றிப் பாருங்கள். 'நியூற்றல்' என்றால் அடக்கமான நிறம். 'போட்றெயிற்' என்றால் முகத்துக்கு இதமான நிறம். 'லான்ட்ஸ்கேப்', 'விவிட்' என்றால் வானமும் வயலும் பளிச்சிடும். மற்ற அளவுகளில் நாம் கை வைக்காமலே படம் வேறாகிவிடும். நாம் ஒன்றையும் தெரிந்தெடுக்காவிட்டாலும் மென்பொருள் தானாகவே ஒன்றைத் தெரிந்தெடுக்கும். அடோபி மென்பொருள்களிலே 2018ஆம் ஆண்டு முதல் 'அடோபி கலர்' என்னும் குறிப்பு அவ்விடத்தைப் பெற்றது. குறிப்பு இல்லாத படம் என ஒன்று இல்லை. தெரிந்தெடுத்தது யார் என்பதே கேள்வி.

இஃது அற்ப விடயம் அன்று. வர்ணப் பிலிம் வழங்கிய காலத்தில், கொடாக் நிறுவனத்தார் படம் கழுவும் நிலையங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்புவது வழக்கம். அதிலே வெள்ளைத் தோலுடைய பெண் ஒருத்தியின் படம் இருக்கும். 'ஷேர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அப்பெண்ணின் முகம் சரியாக வரும்படி இயந்திரங்களை ஒழுங்கு செய்தார்கள். அந்த ஒழுங்கிலே கருநிற மக்களின் முகங்கள் இருண்டும் நயமிழந்தும் போயின. பல இனப் பெண்களையும் சேர்த்த அட்டை 1990களின் நடுப்பகுதியிலேதான் வெளிவந்தது. யாருடைய முகத்தை அளவுகோலாக வைத்தார்களோ அவருடைய முகமே அழகாக வந்தது. நமது மாநிறமும் கருநிறமும் தமக்குரிய வெதுவெதுப்போடு குடும்பப் படத்தில் இடம்பெற வேண்டுமானால், தெரிந்தெடுக்கும் பொறுப்பை நாமே ஏற்றல் வேண்டும்.

என் பிழைகள் மூன்று

இவ்வளவையும் அறிந்த பின்னர் முதற் படத்தை மீண்டும் ஆராய்ந்தேன். பிழைகள் மூன்று வெளிப்பட்டன.

ஒன்று, 'விவிட்' குறிப்பைத் தெரிந்தெடுத்தமை. முதல் நாள் பிடித்த கடற்கரைப் படங்களுக்கு வைத்திருந்த அதே குறிப்பு இப்படத்துக்கும் தொடர்ந்துவிட்டது.

இரண்டு, வெளிச்சத்தின் அளவு. சட்டம் முழுவதும் கரிய பொருள் நிறைந்திருந்தால், கமராவின் அளவி அதனை நடுத்தரச் சாம்பலென்று கருதி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ஏற்கெனவே செறிந்திருந்த சிவப்பு, 'விவிட்' குறிப்பின் உந்துதலோடு உச்ச வரம்பை முட்டி நின்றது. பச்சை எண்ணோ மேலும் ஏறிக்கொண்டே போயிற்று. சிவப்பு ஏறாமல் நிற்கப் பச்சை ஏறினால் நிறம் செம்மஞ்சளை நோக்கிச் சாயும். அரக்கு செங்கல்லான மாயம் இதுவே. நல்ல காலமாக, வரம்பை முட்டியது கழுவும்போதுதான். மூலக் கோப்பிலே சிவப்பு முழுமையாக இருந்தது. அடக்கமான குறிப்பை வைத்து, வெளிச்சத்தையும் குறைத்துக் கழுவியபோது இழையோட்டம் மீண்டது. நிறமும் பாதிவழி திரும்பி வந்தது. ஜேபெக்காக மாத்திரம் பிடித்திருந்தால் இந்த இரண்டாவது வாய்ப்பு கிடைத்திராது.

மூன்றாவது பிழையே பெரியது, அது மின்குமிழ். எல்.ஈ.டி. விளக்குகளிற் பெரும்பாலானவை நீல ஒளியை மஞ்சள் ஒளிர்பொருளில் வீழ்த்தி வெள்ளொளியை உண்டாக்குபவை. மலிவானவற்றிலே ஆழ்ந்த சிவப்புப் பகுதி மிகக் குறைவு. விளக்கின் பெட்டியிலே அச்சிடப்படும் பொதுவான நிறத் தரச்சுட்டி எட்டு மென்னிற மாதிரிகளைக் கொண்டே கணிக்கப்படுவது. ஆழ்சிவப்பைச் சோதிக்கும் ஒன்பதாவது மாதிரி அந்தக் கணக்கிலே சேர்வதில்லை. வராத ஒளியை எந்தக் குறிப்பாலும் வரவழைக்க முடியாது. புடைவைக்கடையின் விளக்கில் சேலைக்குப் பொருத்தமாகத் தெரிந்த சட்டைத்துணி, வீதிக்கு வந்ததும் வேறு நிறமாகத் தெரிவதை நம் பெண்கள் நன்கறிவர். கண்ணையே ஏமாற்றும் விளக்கு கமராவை விட்டுவிடுமா?

சொந்தக் குறிப்பு தயாரிக்கும் விதம்

ஆகவே, மறுபடியும் படம் பிடிப்பதென்று தீர்மானித்தேன். இம்முறை நண்பர் ஒருவரிடமிருந்து 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டை ஒன்றை இரவல் வாங்கினேன். 1976ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள வகை அது. அதன் முதலாவது கட்டமே கருந்தோலின் நிறம், இரண்டாவது வெண்தோல், பின்னர் நீலவானம், இலைப்பச்சை எனத் தொடரும். கடைசி வரிசை ஆறும் வெள்ளை தொடங்கிக் கறுப்பு வரையிலான சாம்பற் படிகள். ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் அளந்து வெளியிடப்பட்டிருக்கிறது. கமரா கண்ட எண்ணையும் அளந்த எண்ணையும் ஒப்பிட்டு, இடையிலுள்ள அகராதியை மென்பொருள் தானே எழுதிவிடும்.

செய்யும் முறை கடினமன்று. எந்தப் பொருளைப் பிடிக்கப் போகிறோமோ அதே ஒளியில், அதே இடத்தில் அட்டையை வைத்து முதலில் ஒரு படம் பிடிக்க வேண்டும். ஒளி அட்டை முழுவதும் ஒரே சீராக விழ வேண்டும். பளபளப்புத் தெறித்தல் கூடாது. வெள்ளைக் கட்டம் வரம்பை முட்டாதபடி வெளிச்சத்தை அமைக்க வேண்டும். பக்கத்திலே சிவப்புச் சேட்டு அணிந்து நிற்பதும், பச்சைச் சுவரருகே வைப்பதும் ஆகா. அவற்றின் நிறம் அட்டையிலே படியும். மூலக் கோப்பாகவே பதிவு செய்தல் இன்றியமையாதது.

கணினியிலே அட்டைப் படத்தைக் கொண்டு குறிப்பைத் தயாரித்து, கமராவின் பெயரையும் ஒளியின் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயரிடுங்கள். ஒரு கமராவுக்கு எழுதிய குறிப்பு வேறொரு மாதிரிக் கமராவுக்குப் பொருந்தாது. வெயிலுக்கு எழுதியது மின்குமிழுக்குப் பொருந்தாது. பொருளின் படத்தைக் கழுவும்போது, முதலிற் சாம்பற் கட்டத்தைக் கொண்டு வெண்மைச் சமநிலையைச் சரிசெய்க. அடுத்துக் குறிப்பைத் தெரிக. அதன் பின்னரே வெளிச்சத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். விலைகொடுத்து வாங்கும் மென்பொருள் இல்லாத மாணவர்கள் கவலையுற வேண்டா. இலவசமாகக் கிடைக்கும் 'றோதெரபி' போன்ற மென்பொருளும் இவ்வகைக் குறிப்புகளை ஏற்றுக்கொள்ளும்.

இன்னுமொரு எச்சரிக்கை. கமராவின் குறிப்பு வேறு. கணினித் திரையின் குறிப்பு வேறு. அச்சுத் தாளின் குறிப்பு வேறு. முதலாவதைச் செம்மையாகச் செய்துவிட்டு, நீலம் பாய்ந்த திரையிலே பார்த்து, 'சரியில்லை' என்று திருத்தப் புகுந்தால் செய்த வேலை அனைத்தும் வீணாகும்.

முற்றத்து வழக்கின் தீர்ப்பு

காலை ஒன்பது மணிக்கு, நேர்வெயில் படாத வெளிவிறாந்தையிலே, வெள்ளைத் துணிமீது சேலையை விரித்தோம். முதலில் அட்டை, பின்னர் சேலை, அதன் பின்னர் சேலையை மடியில் வைத்தபடி மாமி. அன்று மாலையே குறிப்பைத் தயாரித்துக் கழுவி அச்சிட்டேன்.

மாமி முன்போலவே படத்தையும் சேலையையும் சேர்த்து வைத்து, முற்றத்து ஒளியிலே பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "நிறம் இதுதான். ஆனால் சரிகை இப்பிடி இல்லை, தம்பி" என்றார்.

உண்மைதான். சரிகையின் அழகு அதன் நிறத்தில் மாத்திரம் இல்லை. பார்க்கும் கோணம் மாறுந்தோறும் ஒளிரும் மினுக்கத்தில் இருக்கிறது. அசையாத தாளிலே அதனைப் பிடித்துவைக்கும் அட்டவணை எதுவும் இல்லை. அதை நான் ஒப்புக்கொண்டேன். மாமி சிரித்துக்கொண்டே, "அது பரவாயில்லை. சரிகைக்கு ஒரு நுனி வெட்டி அனுப்பிவிடுவம்" என்றார். இழைவிட்ட முந்தானை ஓரத்திலிருந்து விரலளவு துணி கடித உறையிலே படத்தோடு புறப்பட்டது.

வாசகர்களுக்கு நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. பாட்டியின் கூறை, பாட்டனாரின் சால்வை, பழைய ஓவியம், ஏட்டுச்சுவடி ஆகியவற்றைப் படம் பிடிக்கும்போது மூலக் கோப்பாகப் பிடியுங்கள். அட்டையோடு ஒரு படமும் சேர்த்து வையுங்கள். குறிப்புத் தயாரிக்க இன்று உங்களுக்கு நேரமில்லாமற் போகலாம். அதனால் நட்டமில்லை. அட்டையும் மூலக் கோப்பும் இருந்தால், முப்பது ஆண்டுகளின் பின்னர் ஒரு பேத்தி அவற்றைத் திறந்து, நீங்கள் கண்ட நிறத்தைக் கணக்கிட்டு மீட்டுக்கொள்வாள். அவளுடைய கையில் அன்று சேலை இருக்குமோ இராதோ, யார் அறிவர்?